கடலில் மறைந்தவர்க்கு ஒரு கல்

நடுகல் பற்றிய பேச்சில் இன்று கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலுக்கு வருகிறோம். இரண்டாம் உலகப் போரில் அது விமானத்தளம். 1942 ஏப்ரல் 9, யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய காலை. பிரித்தானிய விமானப்படையின் 11ஆவது அணியைச் சேர்ந்த பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் அத்திடலிலிருந்து எழுந்து, நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களைத் தேடிச் சென்றன. துணைக்குச் சண்டை விமானங்கள் இல்லை. 'அகாகி' கப்பலுக்கு அருகே குண்டுகள் விழுந்தன, ஒன்றும் படவில்லை. தாக்கிய ஒன்பதில் ஐந்து விமானங்கள் திரும்பவில்லை.

ஒரு பிளெனிமில் மூவர்: ஓட்டுபவர், வழி கணித்துக் குண்டு போடுபவர், கம்பியில்லாத் தந்தியோடு துப்பாக்கியையும் பார்ப்பவர். பெரும்பாலும் இளம் பிள்ளைகள். குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய வன்னியில் இருந்துகொண்டு இவர்களுக்கு இரங்குவது இலேசல்ல. ஆயினும் அக்காலத்தில் வீட்டுக்குப் போன தந்தியில் இருந்த சொல் 'காணாமற்போனார்' என்பது. அந்தச் சொல் நமக்குத் தெரியும்.

தொல்காப்பியர் புறத்திணையியலில் நடுகல்லுக்கு ஆறு படிகள் சொல்கிறார். முதலாவது காட்சி, தக்க கல்லைத் தேடிக் காணல். உடல் வேண்டும் என்று அங்கே இல்லை. சிங்கப்பூர் கிராஞ்சியில், புதைகுழி அறியப்படாத 24,000க்கு மேற்பட்டோரின் பெயர்கள் கல்லில் உள்ளன. ஆசியக் கடல்களில் மறைந்த விமானப்படையினரும் அங்கேதான் நினைக்கப்படுகின்றனர்.

2017 பெப்ரவரி 20 அன்று, காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றிய பதிலைக் கேட்டுக் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் அமர்ந்தார்கள். அவர்களிடம் கல்லைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை.