வீடு தேடி வந்த குரல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



1932ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் பம்பாயிற் பிறந்து, 2024 பெப்ரவரி 20ஆம் நாள் அந்நகரிலேயே மறைந்த ஒலிபரப்பாளர் அமீன் சயானி அவர்களை நினைவுகூரவே உங்கள் முன் நிற்கின்றேன். இந்தி பேசிய பம்பாய்க்காரருக்கு இலங்கைத் தமிழர் மேடையில் என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அவர் குரலை இந்தியாவின் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சென்றது நமது கொழும்பு வானொலி நிலையமன்றோ! ஆகவே, அவர் நமக்கும் உரியவரே.

இந்தியாவில் கேஸ்கர் என்பார் ஒலிபரப்பு மந்திரியாயிருந்த காலத்தில், அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாட்டுக்களுக்கு இடம் சுருங்கிற்று. நேயர்கள் ரேடியோ சிலோனை நாடினர். 1952 டிசம்பர் 3ஆம் நாள் ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் பாமாலை இங்கே ஆரம்பமாயிற்று. சயானி பம்பாயிற் பேசிப் பதிவு செய்வார். ஒலிநாடா ஆகாய விமானத்திற் கொழும்பு வரும். சிற்றலையில் ஏறி மீண்டும் இந்தியா செல்லும். புதன்கிழமை மாலையென்றால், வானொலிப் பெட்டியிருந்த வீட்டிலே அயலவரும் வந்து கூடுவர். கடிதங்கள் ஆயிரக்கணக்கிற் குவிந்தன.

இத்துணை அன்பை அவர் ஈட்டியது எவ்வாறு? குரல்வளத்தால் மட்டுமா? அன்று. அவருடைய அன்னையார் குல்சும் சயானி அம்மையார், காந்தியடிகளின் ஊக்கத்தோடு, புதிதாய் எழுத்தறிந்த முதியோருக்காக ‘ரஹ்பர்’ என்னும் பத்திரிகையை நடத்தினார். ஒரே எளிய மொழி. அது தேவநாகரி, உருது, குஜராத்தி என்னும் மூன்று எழுத்துக்களில் அச்சாயிற்று. அப்பணியிற் சிறுவயதிலேயே அன்னைக்குத் துணைநின்றவர் அமீன். நேற்று எழுத்தறிந்த முதியவருக்கும் விளங்குமாறு சொல்லுதல் வேண்டும் என்னும் பாடத்தை அவர் வீட்டிலேயே கற்றுக்கொண்டார். தமையனார் ஹமீத் சயானி அவரை வானொலிக்கு அழைத்துச் சென்றது பின்னர் நிகழ்ந்தது.

‘பெஹனோ ஔர் பாயியோ’ என்று அவர் விளிப்பார். சகோதரிகளே, சகோதரர்களே என்பது பொருள். அடுப்படியில் நின்று கேட்கும் பெண்களுக்கு முதல் வணக்கம்! பாட்டுக்களை வரிசைப்படுத்தும்போதும் இலக்கத்தை மட்டும் சொல்லாது, ‘படி’ என்று சொல்லுவார். இந்தப் பாட்டு இத்தனையாம் படியில் நிற்கின்றது என்பார். படியில் நிற்பது ஏறவுங்கூடுமல்லவா? கீழே இருப்பதையும் இகழாத சொல் அது. அன்புடைமை என்பது இத்தகைய சிறு சொற்களிலேதான் குடியிருக்கின்றது.

அன்பர்களே! 1956இல் மொழிச் சட்டம் வந்து இந்நாட்டு மக்களைப் பிரித்த கதையைப் பெரியோர்கள் அறிவீர்கள். அதே ஆண்டுகளிற்றான் கொழும்பின் ஒரே நிலையத்திலிருந்து சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் இந்தியும் அலையேறின. மொழி பகையாவது, அது மேலாண்மைக் கருவியாகும்போது. கேட்பவரை மதித்துப் பேசப்படும்போது அதுவே உறவாகின்றது.

மிஷன் பாடசாலையிற் படித்து, இன்று பல்கலைக்கழகத்திற் பயிலும் என் போன்றோருக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. கற்றதைக் காட்டுதற்குப் பேசுவது ஒன்று. கேட்பவருக்கு உதவுதற்குப் பேசுவது மற்றொன்று. நம் பேச்சு, நம்மைப் படிக்கவைத்த பாட்டிமாருக்கே விளங்காவிடின், அப்படிப்பினால் ஆய பயன் யாது? நம் சங்கத்தின் அறிக்கைகளும், கூட்ட அழைப்புக்களும், மேடைப் பேச்சுக்களும் பள்ளிக்கூடம் செல்லாதவருக்கும் விளங்குமாறு அமையட்டும். பெண்களும் முதியோரும் பின்வரிசையிலிருந்து கேட்பவராய் மாத்திரம் இராது, முதலில் விளிக்கப்படுபவராகட்டும்.

இந்திய அரசு 2009இல் சயானிக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. நாம் அளிக்கக்கூடியது விருதன்று. அவரைப் போல் எளிமையாகவும் இன்முகத்தோடும் பேசப் பழகுதலே. அதனை இளைஞர்களாகிய நாம் இன்றே தொடங்குவோமாக.