சராசரி மறைக்கும் சாதி



முதுகலைப் பொருளாதாரத்தில் நாங்கள் அதிகம் பயந்த தாள் புள்ளியியல். "பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் பின்னால் உட்காருங்கள்" என்று முதல் வகுப்பிலேயே சொன்னார் பேராசிரியர். பின்னால் போனவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்த தலித், பிற்படுத்தப்பட்ட மாணவர்கள். சந்தேகம் கேட்டால், "கோட்டாவில் வந்தால் இப்படித்தான்" என்பார்.

எங்களுக்குப் புள்ளியியல் கற்றுத்தந்தவர்கள் விடுதி அண்ணன்கள். ஒன்பது பேருக்கு மாதம் 10 ஆயிரம், ஒருவருக்கு 2 லட்சத்து 10 ஆயிரம் என்றால், சராசரி வருமானம் 30 ஆயிரம். அந்த ஒன்பது பேரும் 30 ஆயிரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இடைநிலை அளவு கேட்டால் 10 ஆயிரம் என்ற உண்மை வெளியே வரும். அந்த ஒருவர் யார், ஒன்பது பேர் யார் என்று கேட்டால் சாதி வெளியே வரும்.

இந்தக் கேள்வியைத்தான் அரசுகள் தள்ளிப்போட்டன. முழுமையான சாதிக் கணக்கு கடைசியாக வெளியானது 1931-இல். 2011-இல் எடுத்த சாதி விவரங்கள் வெளியிடப்படவில்லை. 2023-இல் பீகார் எண்ணியது: பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் சேர்ந்து 63 சதவீதம்; பட்டியல் சாதியினர் 19.65, பொதுப்பிரிவினர் 15.52. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று 2025-இல் ஒன்றிய அரசு அறிவித்தது.

எண்ணியபின் அந்த எண்களை வாசிக்கவும் நம் ஆட்கள் வேண்டும். பின்வரிசைத் தோழர்களே, இந்தத் தாளை விட்டுவிடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்தில் எந்தப் பிரிவினர் எத்தனை பேர் பேராசிரியர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரும் பதிலை அட்டவணையாக்குங்கள். உங்கள் முதல் பயிற்சிக் கணக்கு அதுவாக இருக்கட்டும்.

ஜெய்பீம்.