காதேஷ் போரும் கல் சுவர் ரிப்போர்ட்டும்



இன்ஜினியரைப் பேசக் கூப்பிட்டால் பாலம், பாய்லர் என்று ஆரம்பிப்பான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது சுமார் 3,300 வருஷத்துக்கு முந்தின ஒரு ரிப்போர்ட்டைப் பற்றி. எகிப்து மன்னன் இரண்டாம் ராம்சேஸ், கி.மு. 1274 வாக்கில், இன்றைய சிரியாவில் உள்ள காதேஷில் ஹிட்டைட் படையோடு மோதினான். திரும்பி வந்து அந்தச் சண்டையை லக்சர், அபிதோஸ், அபு சிம்பல், ராமேசியம் என்று கோயில் கோயிலாகக் கல்லில் செதுக்க வைத்தான்.

வெளிச்சுவர்களில் உருவங்களைப் புடைக்க விடாமல், சுவர் மட்டத்துக்கு உள்ளேயே வெட்டியிருக்கிறார்கள். வெயில் சாய்ந்து விழும்போது வெட்டுக்குள் நிழல் தங்கும். தூரத்திலிருந்தே படம் தெரியும். நல்ல வேலை!

முதலில் கண்ணில் படுவது ராஜாதான். ரதத்தில், வில்லை இழுத்தபடி, மற்றவர்களைவிடப் பல மடங்கு பெரிசாக நிற்கிறான். தனி ஆளா ஜெயிச்சேன் என்கிறது கல்வெட்டு. சரி, அவனை விட்டுவிட்டுச் சின்ன உருவங்களைப் பாருங்கள். ஓர் ஓரத்தில் இரண்டு ஒற்றர்களுக்குத் தடியடி நடக்கிறது. அதற்கு முன்னால் வேறு இரண்டு பேர், ஹிட்டைட் ராஜா தூரத்தில் அலெப்போ பக்கம் இருப்பதாகப் பொய் சொன்னார்கள். அதை நம்பி ராம்சேஸ் நாலு பிரிவில் ஒன்றோடு மட்டும் முன்னால் வந்துவிட்டான். எதிரி காதேஷுக்குப் பின்னாலேயே நிற்கிறான் என்பது இந்த அடியில்தான் வெளிவருகிறது. அதற்குள் எதிரி ரதங்கள் முகாமுக்குள் புகுந்தாச்சு. அதுவும் சுவரில் இருக்கிறது. சமயத்துக்கு வந்து காப்பாற்றிய துணைப்படையும் இருக்கிறது. அப்புறம் தனி ஆள் எங்கே?

ராமேசியத்தில் இன்னொன்று: ஆற்றில் விழுந்த அலெப்போ அரசனை அவன் ஆட்களே தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரை வெளியேற்றுகிறார்கள். செதுக்கியவன் குறும்புக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

தம்பிகளே, நாளைக்கு உங்கள் மேஜைக்கும் ரிப்போர்ட் வரும். முதல் பக்கத்தில் 'திருப்திகரம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். தூணில் எத்தனை மில்லிமீட்டர் விரிசல் என்பது பதினேழாம் பக்க அட்டவணையில் கிடக்கும். அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால், விழுவது கீழே போகிறவன் தலையில்.

காதேஷ் எகிப்தின் கையில் சிக்கவில்லை. ஹிட்டைட் களிமண் பலகைகளோ, ஜெயித்தது நாங்கள்தான் என்கின்றன. சுமார் 15 வருஷம் கழித்து, கி.மு. 1259 வாக்கில், இரு தரப்பும் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டன. அதையும் கர்னாக் கோயில் சுவரில் வெட்டினார்கள்.

அதே கர்னாக்கில், பெரிய தூண் மண்டபத்தின் தென்புறச் சுவரில், முதலில் காதேஷ் காட்சியைச் செதுக்கிவிட்டு, பிறகு மனசு மாறி, அதை அழித்துப் பூசி, மேலே வேறு போர்களைச் செதுக்கினார்கள். பூச்சு உதிர்ந்துவிட்டது. இப்போது பழைய கோடும் புதுக்கோடும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிகின்றன.