கேட்டுப் பெற வேண்டிய குரல்



எல்ல இருக்கும் இதே பதுளை மாவட்டத்தில்தான், மகியங்கனைக்கு அப்பால், ஆதிவாசிகளான வேடர்களின் தம்பானையும் இருக்கிறது. அவர்களின் மொழியை நன்கு பேசும் முதியோர் இன்று சிலரே. பிள்ளைகள் படிப்பது சிங்களத்தில்.

முதியோரின் பேச்சைப் பதிந்து எழுத்தாக்கவும் அகராதி செய்யவும் செயற்கை நுண்ணறிவு உதவும். ஆனால் பதிவுகள் குறைந்த மொழியில் அது இல்லாத சொல்லையும் இருப்பதுபோல் சொல்லிவிடும். திருத்த முதியோர் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தப் பிழையே பிள்ளைகளுக்குப் பாடமாகும்.

நியூசிலாந்தில் 'தே ஹிக்கு மீடியா' என்ற மாவோரி வானொலி நிறுவனம் 2018இல் மக்களிடம் கேட்டு, பத்தே நாளில் 300 மணி நேரத்துக்கு மேற்பட்ட பேச்சைத் திரட்டியது. பேச்சை எழுத்தாக்கும் கருவியைத் தாங்களே செய்தார்கள். பதிவுகளை வெளி நிறுவனத்துக்கு விற்க மறுத்தார்கள்.

மருத்துவர்களான நாங்கள் சம்மதமின்றிக் கத்தியைத் தொடுவதில்லை. ஆனால் விளங்காத மொழிப் படிவத்தில் தோட்டத்து அம்மாமார் கைநாட்டு வைத்ததையும் கண்டிருக்கிறோம். அது சம்மதமல்ல.

பெரட்டு, பிள்ளைக்காம்பிரா என்று பேசும் நம் அம்மாச்சிமாரின் தமிழுக்கும் இதே நியாயம்தான். விடுமுறைக்கு வரும்போது அவர்களின் பேச்சைப் பதியுங்கள். யாருக்கு, எதற்கு என்று முதலில் சொல்லுங்கள். "வேண்டாம் புள்ள" என்றால் போனை வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.