மூச்சைப் பிடித்துவைக்கும் உடல்

பலர் முன்னிலையில் அழுகை முட்டிக்கொண்டு வரும்போது அதை அடக்க நினைப்பவர் முதலில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். தொண்டை அடைக்கிறது, தாடை இறுகுகிறது, வயிறு உள்ளே ஒடுங்குகிறது. ஒருநாள் கதை என்றால் போகட்டும். பிள்ளைப் பருவம் முழுவதும் அடக்கியே வளர்ந்தவரின் உடல் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியைத் துரத்திப் போனவர் வில்ஹெல்ம் ரைஷ். 1920களில் வியன்னாவில், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டின் வட்டத்தில் இருந்த மருத்துவர். பிராய்டின் முறையில் நோயாளி படுத்தபடி பேசுவார். மருத்துவர் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்பார். ரைஷோ பேச்சோடு சேர்த்துக் குரலையும் தோளையும் மூச்சையும் கவனித்தார். அடக்கிய உணர்ச்சிகள் தசையில் இறுக்கமாகத் தங்கிவிடுகின்றன என்றார். அதற்குக் ‘கவசம்’ என்று பெயரிட்டார். 1930களில் நார்வேயின் ஆஸ்லோவுக்குப் போனபின், மூச்சிலும் தசையிலும் நேரடியாகவே சிகிச்சையைத் தொடங்கினார்.

பிற்காலத்தில் அவர் வழிதவறினார். அமெரிக்காவில் ‘ஆர்கோன்’ என்றொரு சக்தியைச் சேமிப்பதாகச் சொல்லிப் பெட்டிகள் செய்தார். அறிவியல் அதை ஏற்கவில்லை. நீதிமன்றத் தடையை மீறியதால் சிறை சென்று, 1957இல் சிறையிலேயே இறந்தார். பெட்டியை ஒதுக்கலாம், நோயாளியின் மூச்சைக் கவனித்த அந்தக் கண்ணை ஒதுக்க முடியாது.

அதே ஆஸ்லோவில், உல்லெவோல் மருத்துவமனையில், 1940களில் ஆடல் பியூலோ-ஹான்சன் என்ற இயன்முறை மருத்துவர், மனநல மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து பணியாற்றினார். இறுகிய தசை தளரும்போது மூச்சின் போக்கும் மாறுகிறது என்பதை இந்த அம்மையார் கூர்ந்து கவனித்தார். அப்படி உருவான சிகிச்சைமுறை நார்வேயில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

நியூயார்க்கில் ரைஷின் மாணவர் அலெக்சாண்டர் லோவன் நோயாளிகளை எழுந்து நிற்கச் சொன்னார். முழங்காலைச் சற்றே மடக்கி, பாதம் தரையில் அழுந்துவதை உணர வைத்தார். அவரோடு பணியாற்றிய கிரேக்க நாட்டவர் ஜான் பியராக்கோஸ் இன்னும் ஒரு படி போனார். உடல், உணர்ச்சி, எண்ணம், ஆன்மா எல்லாம் ஒரே உயிரின் முகங்கள் என்று கொண்டு, தமக்கெனத் தனி முறை வகுத்தார். ஆன்மாவை ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியாது. ஆனால் மூச்சை மெல்ல வெளியே விடும்போது இதயத்துடிப்பு தணிவதை, துடிப்பை அளக்கும் கருவி காட்டும்.

உடல் வழியான சிகிச்சையின் பலனையும் அளந்து பார்க்கலாம். 2014இல் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொடுமைகளுக்கு ஆளானதால் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் வந்து, சிகிச்சை பெற்றும் தேறாத 64 பெண்கள் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்குப் பத்து வாரம் யோகா; மற்றதற்கு உடல்நல வகுப்பு. முடிவில், யோகா செய்தவர்களில் 52 சதவீதம் பேருக்கு அந்த நோய்க்கான அளவுகோல் பொருந்தவில்லை. மற்ற பிரிவில் இது 21 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நம்பிக்கை தருவது.

இத்தகைய யோகா வகுப்பில் ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. “விருப்பமிருந்தால் கையை உயர்த்திப் பாருங்கள்” என்றுதான் சொல்வார். வன்முறைக்கு ஆளானவருக்கு அன்பான தொடுகைகூட அச்சத்தைக் கிளறலாம். அனுமதி கேட்காமல் தொடுகிற சிகிச்சையாளரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்த வேண்டாம்.