வீடற்றோர் கணக்கும் அரசின் கொள்கையும்

தில்லியில் தெருவில் உறங்குவோர் எத்தனை பேர் என்ற வினாவுக்கு ஏறக்குறைய ஒரே காலத்தில் இரு விடைகள் கிடைத்தன. ஆஷ்ரய் அதிகார் அபியான் என்னும் தன்னார்வ அமைப்பு 2000ஆம் ஆண்டில் களத்தில் இறங்கி எண்ணியபோது 52,765 பேர். 2001 மக்கள் தொகைக் கணக்கெடுப்பிலோ சுமார் 25,000 பேர். கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணுவது பிப்ரவரி 28ஆம் நாள் இரவில் மட்டுமே. அவ்விரவில் சுமை இறக்கப் போனவரும், ரிக்‌ஷாவை ஓரங்கட்டி அதிலேயே படுத்தவரும் ஏட்டில் ஏறாமல் போக இடமுண்டு. குறைந்த எண்ணிக்கை கருவூலத்திற்கு இதமானது என்பதையும் மறைப்பதற்கில்லை.

2010 சனவரிக் கடுங்குளிரில், உச்சநீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் தில்லியின் நிலையை விளக்கிக் கடிதம் எழுதினர், நீதிமன்றம் தலையிட்டது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு தங்குமிடம் என்ற அளவு பிறந்தது. 2013இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அவ்வளவையே ஒட்டித் திட்டம் வகுத்தது. நகரின் மொத்த மக்கள் தொகையைச் சார்ந்திருப்பதால், வீடற்றோர் எத்தனை பேர் என்ற வழக்கு இவ்வளவைத் தொடுவதில்லை.

ஆயினும், தங்குமிடம் எங்கே அமைய வேண்டும் என்பதை அந்த அளவு சொல்லாது. மொத்தச் சந்தையில் மூட்டை தூக்குபவர் தொலைவில் சென்று படுக்கமாட்டார். விடியுமுன் அன்றைய கூலி கைநழுவிவிடும். அத்தகைய இடங்களை வரைபடத்தில் குறித்து, மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டம் முடிவாகுமுன் அலுவலர் மேசையில் சேர்ப்பிக்கும் வேலை பல்கலைக்கழக ஆய்வாளருக்குக் காத்திருக்கிறது.