வழியில் டயர் பஞ்சரானால்

கார் ஓட்டுகிறவர்களுக்கும், ஓட்டத் தெரியாமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பேச்சு. காற்று போன டயரை அப்போதைக்கு எப்படிச் சமாளிக்கிறது, அந்த நிலைமை வராம இருக்க வண்டியில மாசாமாசம் என்னென்ன பார்க்கணும், இதுதான் விஷயம். போன்ல படிக்கிறவங்க பக்கத்தை சேமிச்சு வெச்சுக்கங்க. தேவைப்படுற இடத்துல சிக்னல் இருக்கும்னு சொல்ல முடியாது.

சென்னை – திருச்சி சாலையில் ராத்திரி போய்க்கிட்டு இருக்கீங்கன்னு வெச்சுக்குவோம். விக்கிரவாண்டி தாண்டியாச்சு. வண்டி ஒரு பக்கமா இழுக்குது, கீழே தடதடன்னு சத்தம். உடனே கால் பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. காற்றில்லாத டயரோட பிரேக்கை அழுத்தினா வண்டி அந்தப் பக்கமே சுத்திக்கும். ஸ்டீயரிங்கை ரெண்டு கையாலயும் நேரா பிடிங்க, ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க. வேகம் தானா குறையும். நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குற அந்தச் சிவப்பு முக்கோண பட்டனைப் போட்டுட்டு, கண்ணாடியில பின்னாடி பார்த்து, இடது ஓரத்துக்கு வாங்க.

இடது ஓரம்னா எந்த ஓரமும் இல்லை. பாலத்து மேலயும் வளைவுலயும் நிறுத்தாதீங்க. நடுவுல அரளிச்செடி வெச்சிருக்கிற மீடியனை ஒட்டி ஒருபோதும் நிறுத்தாதீங்க. பெட்ரோல் பங்க்கோ, டோல்கேட்டோ, லாரி நிறுத்துற அகலமான இடமோ கண்ணுக்கு எட்டின தூரத்துல இருந்தா நடந்து போற வேகத்துல உருட்டிக்கிட்டே போயிடுங்க. "டயர் போயிடும், ரிம் நசுங்கிடும்"னு பக்கத்துல இருக்கிறவர் சொல்வார். நசுங்கட்டும். ரிம் கடையில கிடைக்கும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நெடுஞ்சாலை ஓரத்துல நிற்கிற வண்டியை, அது நிற்குதா ஓடுதான்னு பின்னாடி வர்ற லாரிக்காரரால தூரத்துல இருந்து கண்டுபிடிக்க முடியாது. ராத்திரியில் அவருக்குத் தெரியறது ரெண்டு சிவப்பு விளக்கு மட்டும்தான். கிட்ட வந்து புரியும்போது அவர் கையில நேரம் இருக்காது. அதனால வண்டி நின்னதும் முதல் வேலை ஆட்களை இறக்கறது. எல்லாரும் இடது பக்கக் கதவு வழியா இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நிக்கணும். தூங்குற குழந்தையையும் எழுப்பித்தான் ஆகணும். வண்டிக்குப் பின்னால நின்னு போன் டார்ச் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறது ரொம்ப ஆபத்து. புது காரோட டிக்கியில ஒரு மடக்கு முக்கோணம் கொடுத்திருப்பாங்க. அதை ஐம்பது மீட்டராவது பின்னால கொண்டுபோய் வைக்கணும். ரோட்டை ஒட்டி நடக்காம, ஓரமா மண்ணுல நடந்து போய் வைங்க.

இப்போ எந்த டயர்னு பாருங்க. இடது பக்க டயர்னா, இடம் அகலமா இருந்தா நீங்களே மாத்தலாம். வலது பக்க டயர், அதுவும் குறுகலான ஓரம்னா கை வைக்காதீங்க. அதை மாத்த உட்கார்ந்தா உங்க முதுகு லாரி ஓடுற தடத்துல இருக்கும். போன் பண்ணுங்க.

யாருக்குப் பண்றது? பக்கத்துல கிலோமீட்டர் கல் இருக்கான்னு தேடுங்க. கல்லோட தலை மஞ்சளா இருந்தா அது தேசிய நெடுஞ்சாலை. 1033க்கு அடிங்க. இருபத்து நாலு மணி நேரமும் இயங்குற எண் அது. டோல் கட்டற சாலைகள்ல ரோந்து வண்டியும் கிரேனும் அந்த ஏற்பாட்டுல அடக்கம். கல் தலை பச்சையா இருந்தா மாநில நெடுஞ்சாலை. அங்கே அவசரம்னா 112. பேசும்போது "விக்கிரவாண்டி பக்கத்துல சார்"னு மட்டும் சொன்னா அவங்க தேடிக்கிட்டே இருப்பாங்க. கல்லுல இருக்கிற எண்ணைப் படிச்சுச் சொல்லுங்க, திருச்சி பக்கம் போறீங்களா சென்னை பக்கம் வர்றீங்களான்னு சொல்லுங்க. நாலுவழிச் சாலையில இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ரோந்து வண்டி சுத்திட்டு வரவேண்டிய தூரம் சில இடத்துல பல கிலோமீட்டர். தனியா வர்ற பெண்கள், வயசானவங்க போன்ல தமிழ்நாடு காவல்துறையோட 'காவல் உதவி' செயலி இருக்கட்டும். அதுல இருக்கிற சிவப்பு அவசர பட்டனை அழுத்தினா நீங்க இருக்கிற இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போயிடும். ஆனா அதை வீட்டுல இருக்கும்போதே பதிவு பண்ணி வெச்சிருக்கணும். இருட்டுல நின்னுக்கிட்டு ஓடிபி வரலையேன்னு தவிக்கக் கூடாது.

இனி டயர். இப்போ ஓடுற கார்கள்ல பெரும்பாலும் டியூப்லெஸ் டயர்தான். அதுல ஆணி ஏறினா உடனே காற்று முழுசா போகாது. ஆணியே அடைப்பா நின்னு மெல்ல மெல்ல ஒழுகும். இங்கதான் பலரும் அவசரப்பட்டு ஆணியைப் பிடுங்கறாங்க. பிடுங்கின நிமிஷம் ஓட்டை திறந்துடும். ஒட்டறதுக்கு உங்ககிட்ட எதுவும் இல்லைன்னா ஆணியை அப்படியே விட்டுடுங்க. சிகரெட் லைட்டர் சாக்கெட்டுல மாட்டற காற்றடிக்கிற மெஷின் ஒண்ணு டிக்கியில இருந்தா, காற்றை ஏத்திக்கிட்டு மெதுவா பக்கத்து பஞ்சர் கடை வரைக்கும் போயிடலாம். காருக்குன்னு ஏதாவது ஒரு பொருள் வாங்கறதா இருந்தா, வாசனை டப்பாவுக்கு முன்னாடி இதை வாங்குங்க.

ஸ்டெப்னி மாத்தறது தெரிஞ்ச வேலைதான், ஆனா வரிசை முக்கியம். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, முதல் கியர்ல நிறுத்துங்க. ஆட்டோமேட்டிக்னா பி-யில. எந்த டயரை மாத்தறீங்களோ அதுக்குக் குறுக்கே எதிர்மூலையில இருக்கிற டயருக்குக் கல் வைங்க. ஜாக்கி ஏத்தறதுக்கு முன்னாடியே நட்டுகளை அரைச்சுத்து தளர்த்திடணும். தூக்கினப்புறம் ஸ்பேனரைப் போட்டு மிதிச்சா வண்டி ஜாக்கியில இருந்து நழுவும். கதவுக்கு அடியில தகட்டு விளிம்புல சின்ன வெட்டு இருக்கும், ஜாக்கி அங்கேதான் உட்காரணும். மண் தரையா இருந்தா ஜாக்கிக்கு அடியில பலகைத் துண்டு. கழட்டின டயர் கைக்கு வர்ற வரைக்கும் ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில படுக்க வைங்க. ஜாக்கி நழுவினாலும் வண்டி அதுமேல நிக்கும். அப்பவும் கையோ காலோ வண்டிக்கு அடியில போகக் கூடாது. புது டயரை மாட்டி, நட்டுகளைக் கையாலயே எதிரெதிரா ஏத்தி, வண்டியை இறக்கினப்புறம் முழுசா இறுக்குங்க. ஒரு ஐம்பது கிலோமீட்டர் போனதும் திரும்ப ஒரு தடவை இறுக்கிப் பாருங்க.

இந்த 'ஸ்டெப்னி'ங்கிற பேரே ஒரு தெருவோட பேர். பிரிட்டன்ல வேல்ஸ் பகுதியில இருக்கிற லனெல்லி ஊர்ல ஸ்டெப்னி தெரு. அங்கே 1904ல் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் ஒரு மாற்றுச் சக்கரம் கண்டுபிடிச்சார். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதுல காற்றடிச்ச டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழட்டாமலே அது மேல இதைப் பிடிமாட்டிக்கிட்டு வீடு போய்ச் சேரலாம். அதாவது, ஸ்டெப்னி பிறந்ததே தற்காலிகத்துக்காகத்தான். இப்போ நிறைய கார்கள்ல கொடுக்கிற ஸ்டெப்னி மத்த நாலு டயரைவிடச் சின்னது. அதுமேலயே 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதேன்னு ஒட்டியிருப்பாங்க. அதைப் போட்டுக்கிட்டு ஊட்டி போயிட்டு வர்றவங்க நம்ம ஊர்ல உண்டு.

உங்க கார்ல ஸ்டெப்னியே இல்லாமலும் இருக்கலாம். டியூப்லெஸ் டயரும், காற்று குறைஞ்சா எச்சரிக்கிற சென்சாரும், பஞ்சர் ஒட்டற கருவியும் இருந்தா கார்ல ஸ்டெப்னி தேவையில்லைன்னு 2020ல் மத்திய அரசு விதியைத் திருத்தியாச்சு. டிக்கி கம்பளத்தைத் தூக்கி ஒருதடவை பாருங்க. டயருக்குப் பதிலா ஒரு சின்னப் பெட்டி இருந்தா, அதை உபயோகிக்கக் கத்துக்கணும்.

பெட்டியில பாட்டில் இருந்தா அது அடைப்புத் திரவம். வால்வு வழியா ஏத்தி, காற்றடிச்சு, கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டினா உள்ளே பரவி ஓட்டையை அடைக்கும். பஞ்சர் கடைக்காரர்கிட்ட "உள்ளே லிக்விட் ஊத்தியிருக்கு"ன்னு சொல்லிடுங்க. கழுவித்தான் ஒட்ட முடியும், சென்சாரையும் துடைக்கணும்.

ஸ்ட்ரிப் வகைன்னா கொஞ்சம் கை பலம் வேணும். ஆணி கைக்கு எட்டற மாதிரி வண்டியைக் கொஞ்சம் உருட்டி நிறுத்துங்க. முன்சக்கரம்னா ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சா இன்னும் வசதி. கட்டிங் பிளேயரால ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தச் சாய்வுல இருந்ததுன்னு கவனிங்க. கைப்பிடி போட்ட அரத்தை அதே சாய்வுல விட்டு மேலும் கீழும் நாலஞ்சு தடவை இழுங்க. ஓட்டையைப் பெருசாக்கற மாதிரி மனசு பதறும். ஆனா உள்பக்கம் சொரசொரப்பானாத்தான் ஸ்ட்ரிப் பிடிக்கும். ஊசிக்கண்ணுல ஸ்ட்ரிப்பைக் கோத்து, பசை இருந்தா தடவி, ரெண்டு நுனியும் வெளியே ஒரு விரல் அகலம் நிக்கிற அளவுக்கு உள்ளே அழுத்துங்க. ஊசியைத் திருகாம ஒரே இழுப்பா வெளியே எடுங்க. ஸ்ட்ரிப் உள்ளேயே நிக்கும். மிச்ச வாலை வெட்டிட்டு, காற்றடிச்சு, சோப்புத் தண்ணி விட்டுப் பாருங்க. குமிழி வரலைன்னா கிளம்பலாம்.

ரோட்டைத் தொடற பட்டை பகுதிக்கு மட்டும்தான் இது சரி. பக்கச் சுவர்ல கிழிஞ்சிருந்தா ஒட்டவே கூடாது. அந்தப் பகுதி ஒவ்வொரு சுத்துலயும் மடங்கி விரியும், எந்த ஒட்டும் நிக்காது. பட்டையிலயும் ஸ்ட்ரிப் போட்டது அன்னிக்குப் பொழுதுக்குத்தான். ஊர் போய்ச் சேர்ந்ததும் டயரை ரிம்மிலிருந்து கழட்டி, உள்ளே ஏதாவது அறுபட்டிருக்கான்னு பார்த்து, உள்பக்கமா பேட்ச் போடச் சொல்லுங்க. காற்று குறைஞ்ச டயர்ல கொஞ்ச தூரம் ஓடியிருந்தா உள்சுவர் தேய்ஞ்சு ரப்பர் பொடியா உதிர்ந்திருக்கும். வெளியே இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. அந்த டயரை மாத்தித்தான் ஆகணும். வேலை நல்லா நின்னுடுச்சேன்னு ஸ்ட்ரிப்போடவே ரெண்டு வருஷம் ஓட்டறதை நான் சிக்கனம்னு சொல்ல மாட்டேன்.

சரி, அரசாங்கம் இதையெல்லாம் பரிசோதிக்காதான்னு கேட்கலாம். மஞ்சள் போர்டு டாக்சிக்கு எஃப்.சி. உண்டு. முதல் எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை, அப்புறம் வருஷாவருஷம். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். அதுவரைக்கும் எஃப்.சி. கிடையாது. புகைச் சான்றிதழ் எடுக்கறீங்க, ஆனா அந்த மெஷின் பார்க்கிறது புகையை மட்டும். டயரையும் பிரேக்கையும் அது பார்க்காது. ஆக 15 வருஷத்துக்கு உங்க காருக்கு ஆய்வாளர் நீங்கதான். சர்வீஸ் சென்டர் ஒண்ணு இருக்குன்னு சொல்வீங்க. அங்கே வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை போறோம், காற்று மாசாமாசம் குறையுது.

அதனால மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, பத்து நிமிஷம். டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, முழு ஆள் ஏறினா எவ்வளவுன்னு அதுல இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வெச்சுக்கங்க. பங்க்ல "எவ்வளவு சார்?"னு கேட்டா "நீங்களே பார்த்து அடிங்க"ன்னு சொல்லாம எண்ணைச் சொல்லுங்க. பெட்ரோல் பங்க்ல காற்று இலவசம், அது அவங்க கட்டாயமா தரவேண்டிய வசதி. நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கணுமான்னு கேட்டா, சாதாரணக் காற்றுலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்னு மட்டும் சொல்லி வைக்கிறேன். டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்கணும். கத்திரி வெயில்ல ஓட்டிட்டு வந்து அளந்தா அதிகமாத்தான் காட்டும், அப்போ காற்றை இறக்கிடாதீங்க. நெடுஞ்சாலையில டயர் வெடிக்கறதுக்குப் பெரிய காரணங்கள்ல ஒண்ணு காற்று குறைவா இருக்கறது. பக்கச் சுவர் அதிகமா மடங்கி, அந்த மடக்குலயே சூடேறி, வேகத்துல கிழிஞ்சு போகுது.

டயர் பள்ளத்துக்குள்ள குறுக்கே சின்ன மேடு இருக்கும். பட்டை தேய்ஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துடுச்சுன்னா 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், சட்டப்படியே மாத்தணும். ஐப்பசி மழைக்கு அதுக்கு முன்னாடியே மாத்தறது நல்லது. தண்ணியை வெளியே தள்ள அந்தப் பள்ளம்தானே வழி. பக்கச் சுவர்ல நாலு இலக்க எண் இருக்கும். 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்ச டயர். ஓடாத ஸ்டெப்னிக்கும் வயசாகும், அதோட எண்ணையும் பாருங்க.

பானெட்டுக்குள்ள பார்க்க அதிக நேரம் ஆகாது. சமதளத்துல நிறுத்தி டிப்ஸ்டிக்கைத் துடைச்சு ஆயில் அளவு. கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் டப்பாவுல ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கான்னு. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க, முகத்துல பீறிட்டு அடிக்கும். பிரேக் ஆயில் திரும்பத் திரும்பக் குறைஞ்சா ஊத்தி நிரப்பிட்டு சும்மா இருக்காதீங்க. எங்கேயோ ஒழுகுது, இல்லை பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கு, மெக்கானிக்கிட்ட காட்டணும். பிரேக் லைட் எரியுதான்னு பார்க்க ஆள் வேண்டாம். ராத்திரி சுவத்துக்கு முதுகைக் காட்டி நிறுத்தி மிதிச்சா கண்ணாடியில சிவப்பு தெரியும்.

கடைசியா, டிக்கி. ஜாக்கி, ஸ்பேனர், முக்கோணம் மூணும் இருக்கான்னு பாருங்க. கழுவக் கொடுத்தோ, சொந்தக்காரங்களுக்கு இரவல் கொடுத்தோ காணாமப் போற சாமான்கள் இவை. ஸ்டெப்னிக்குக் காற்றடிச்சு எத்தனை மாசம் ஆச்சுன்னு யோசிச்சுப் பார்த்து ஞாபகம் வரலைன்னா, நாளைக்கு பங்க்குக்குப் போகும்போது அதையும் சேர்த்து அடிச்சுடுங்க.